பனிச்சரிவுக்கு அக்கரையில் மணப்பெண்

செலெஸ்தின் பிறந்தது கீழே, சியேர் நகரத்தை ஒட்டிய திராட்சைக் கொல்லை வீட்டில். ஞானஸ்நானம் பெற்றது மேலே, பிராலோவின் என்ற மலையூரின் கோயிலில். முதல் பல் முளைத்தது இரண்டுக்கும் நடுவே, மாடுகளை வசந்தத்தில் கட்டிவைக்கும் மரவீட்டில். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனிவியே பள்ளத்தாக்கில் ஒருவரை எந்த ஊர் என்று கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்பார்கள். குளிர் மெல்ல விடும்போது ஊரே கோவேறு கழுதைகளில் சட்டிபானையை ஏற்றிக்கொண்டு திராட்சைக் கொல்லைக்கு இறங்கும். கொடிகளைக் கவாத்து செய்து, மண்ணைக் கொத்திவிட்டு மறுபடி மேலே ஏறும். புல் முளைத்தால் இன்னும் மேலே, கோடை வந்தால் பனியாற்றுக்குப் பக்கத்து மேய்ச்சலுக்கு. பங்குச் சாமியாரும் பள்ளி வாத்தியாரும் ஊரோடு சேர்ந்தே ஏறி இறங்குவார்கள். பூட்டிய வீட்டுக்கு யாரும் காவல் வைப்பதில்லை. திருட வேண்டியவனும் கூடவேதானே வருகிறான்.

பிறந்தபோதே அவள் போட்ட சத்தத்தில் அடுத்த கொல்லையில் வேலை செய்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள் என்று அவளுடைய அப்பா ஜெரோம் சொல்லுவார். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் அவளுக்கு வாய்த்த குரல் சாதாரணக் குரல் இல்லை என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. மெதுவாகப் பேசச் சொன்னால் மெதுவாகத்தான் பேசுவாள். அந்த மெதுவே தெருக்கோடிவரை போகும். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கோயில் மணி என்று பேர். துணி துவைக்கும் தொட்டியடியில் பெண்கள், "செலெஸ்தின் ரகசியம் சொன்னாளாம், சியேர் சந்தையில பேசிக்கிட்டாங்களாம்" என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு மாடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

கேலி செய்தவர்களே காரியம் என்றால் அவளிடம்தான் வருவார்கள். தொலைபேசி இல்லாத காலம் அது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் வைக்கோல் அள்ளிக்கொண்டிருப்பவனுக்குப் பசு கன்று போடுகிறது என்று தெரிவிக்க வேண்டுமானால், ஆள் இறங்கி ஏறுவதற்குள் கன்று எழுந்து நின்றுவிடும். செலெஸ்தினைக் கூட்டிக்கொண்டு போய் ஊர் விளிம்புப் பாறையில் நிறுத்தினால் போதும்.

ஒனெசிமை அவள் முதலில் கவனித்தது ஒரு மார்ச் மாதத்தில், ஊர்ப்பொதுத் திராட்சைக் கொல்லையில் மண் கொத்தும் நாளன்று. அந்த வேலைக்கு எப்போதும் மேளமும் குழலும் உண்டு. ஆண்கள் வரிசையாக நின்று தாளத்துக்குக் கொத்துவார்கள். மழையில் சரிந்து இறங்கிய மண்ணைப் பெண்கள் முதுகுக்கூடையில் மறுபடி மேட்டுக்குச் சுமப்பார்கள். மேளம் அடித்தவன் ஒனெசிம். வாயைத் திறக்காத ஆள். வணக்கம் சொல்வதற்கே தொப்பியைத் தொட்டு வேலையை முடித்துக்கொள்வான். செலெஸ்தின் கூடையோடு அவனைத் தாண்டும்போது, நீ இப்படி இழுத்து அடித்தால் பொழுது சாய்வதற்குள் பாதிக் கொல்லைகூட முடியாது என்று சொன்னாள். மேளத்துக்கும் மூன்று குழலுக்கும் மேலே அது எல்லாருக்கும் கேட்டது. கொத்தியவர்கள் கொத்துவதை விட்டுச் சிரித்தார்கள். ஒனெசிம் அடியை வேகப்படுத்தினான். சாயங்காலம் ஒயின் கோப்பையை நீட்டியபடி அவளிடம் வந்து, வாழ்நாளிலேயே நீளமான ஒரு பேச்சைப் பேசினான்.

"என் மேளத்த மீறிக் கேட்ட ஒரே குரல் ஒன்னோடதுதான். இன்னொரு தடவ சொல்லு, கேக்கலாம்."

இதற்குப் பிறகு ஊருக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. புரிந்துகொள்ள மறுத்தது ஒரே ஒருத்தி, ஒனெசிமின் அம்மா லெயோனி. கணவன் இறந்த பின் நல்ல கொல்லைகளைத் தனியாளாகக் காப்பாற்றியவள். மகனுக்குச் சியேரில் தோட்டத்தோடு ஒரு பெண்ணைப் பார்த்துவைத்திருந்தாள். கோயில் வாசலில் நாலு பேர் கேட்கும்படியே சொன்னாள்: "மருமக வேணும்னு கேட்டேன், மணிக்கூண்டு கேக்கல." இரண்டு வருஷம் அந்தக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். கடைசியில் பேசாத மகன் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டதைப் பார்த்து, சரி என்றாள். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலை, சியேருக்குப் பக்கத்துச் சிறு கோயிலில் கல்யாணம் என்று முடிவாயிற்று. மறுநாள் சாம்பல் புதன் வந்துவிட்டால் ஈஸ்டர் முடியும்வரை சாமியார் யாருக்கும் கல்யாணம் செய்துவைக்க மாட்டார்.

ஊரில் பாதி முன்கூட்டியே இறங்கியது. பர்னபே சாமியாரும் ஒனெசிமும் லெயோனியும் குழல்காரர்களும் அந்தப் பாதியில். செலெஸ்தினும் அப்பாவும் இன்னும் சில குடும்பங்களும் மாடுகளோடு திங்கட்கிழமை கிளம்புவதாக இருந்தது. கிளம்பவும் கிளம்பினார்கள். மாட்டு மணிகளுக்குள் வைக்கோலைத் திணித்து ஓசையை அடக்கியிருந்தார்கள். சத்தத்துக்குப் பனி சரியும் என்ற பயத்தில், பனி கனத்திருக்கும் பருவத்தில் அது வழக்கம். குடைந்த பாறையில் தொங்குவது போலப் பாதை ஓடும் போந்திஸ் பள்ளத்துக்கு அவர்கள் வருவதற்குச் சற்று முன், மேலேயிருந்து பனி சரிந்து இறங்கியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் பாதை இருந்த இடத்தில் பனியும் முறிந்த மரங்களும் பாறையும் ஒன்றாகக் குழைந்து வீட்டு உயரத்துக்குக் கிடந்தன. அன்று இரவு பக்கத்துக் குக்கிராமத்தில் மாடுகளோடு தங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் செய்தி கேட்டுக் கீழேயிருந்தவர்கள் மண்வெட்டிகளோடு வந்து சேர்ந்தார்கள். சரிவுக்கு அந்தப் பக்கம் மணப்பெண், இந்தப் பக்கம் மாப்பிள்ளையும் சாமியாரும். ஆள் அடையாளம் தெரிகிற தூரம்தான். பாதையைப் பார்த்துக்கொள்ளும் மத்தியாஸ் ஒரு நீளக் கழியால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மேலே இருந்ததெல்லாம் கீழே வந்துவிட்டது, இனி வருவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் வந்தது இன்னும் படியவில்லை, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே பொந்து இருக்கிறது, மிதித்தால் ஆள் உள்ளே போய்விடுவான். வழி வெட்ட சில நாள் ஆகும்.

லெயோனி நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டு, கடவுளே வந்து குறுக்கே நிற்கும்போது நாம் என்ன செய்ய முடியும் என்றாள். ஈஸ்டருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று சாமியாரிடம் சொன்னாள். ஈஸ்டருக்குப் பிறகு அவள் மறுபடி மனசை மாற்றிக்கொள்வாள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒனெசிம் பனியையே பார்த்துக்கொண்டு நின்றான். மேளம் முதுகில் தொங்கியது.

அக்கரையில் செலெஸ்தின் கல்யாணத் தொப்பியைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தாள்.

"சாமி, நீங்க அங்கிருந்தே கேளுங்க. நான் இங்கிருந்தே சொல்றேன்."

பர்னபே சாமியார் வயதானவர். தனக்கு மேலான ஆயருக்குப் பயந்தவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் தன் கண்முன்னால் இருக்க வேண்டும், சம்மதத்தைத் தன் காதால் கேட்க வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்பதுதான் விதி. கண்முன்னால்தான் இருக்கிறாள். எவ்வளவு தூரம் முன்னால் என்று விதியில் இல்லை. சாட்சிக்கோ இரண்டு கரையிலும் ஊரே நிற்கிறது. காதில் விழுமா என்பதுதான் கேள்வி என்று அவர் முணுமுணுத்தபோது, பக்கத்தில் நின்றவர்கள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள்.

கத்தினால் பனி மறுபடி இறங்கும் என்று லெயோனி கடைசியாக ஒரு தடை போட்டாள். இறங்குவதற்கு மேலே ஒரு பிடி பனிகூட மிச்சமில்லை, வேண்டுமானால் நீங்களே ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் மத்தியாஸ்.

இன்னொரு சிக்கல் இருந்தது. சாமியாரின் குரல் பள்ளத்துக் காற்றில் அக்கரை போய்ச் சேரவில்லை. அவர் கேள்வியைக் கேட்டு முடித்ததும் ஒனெசிம் மேளத்தில் ஒரு தட்டுத் தட்டுவது, அவள் பதில் சொல்வது என்று ஏற்பாடாயிற்று. கேள்வி காதில் விழாமல் பதில் சொன்னால் செல்லுமா என்று சாமியார் மறுபடி தயங்கினார். அதை மத்தியாஸ் கையைக் குவித்துக் கத்தித் தெரிவித்தார்.

"கேள்வி எனக்கு மனப்பாடம் சாமி," என்று அக்கரையிலிருந்து பதில் வந்தது. "ரெண்டு வருஷமா அதத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கேன்."

சாமியார் கேட்டார். மேளம் தட்டியது. செலெஸ்தின் "ஆமாம்" என்றாள். அது எதிர்ப் பாறையில் மோதி, இந்தப் பாறையில் மோதி, பள்ளத்தின் மேல்வளைவில் போய்ச் சுற்றிவிட்டு மறுபடி வந்தது. பாதையோரத்து ஊசியிலை மரம் ஒன்று தன் கிளையிலிருந்த பனியை மொத்தமாக லெயோனியின் தொப்பிமேல் கொட்டியது. ஆற்றுக்கு எதிர்ச்சரிவு ஊரில் என்ன ஏதென்று தெரியாமல் ஒருவன் ஓடிப்போய்க் கோயில் மணியை அடிக்கத் தொடங்கினான். காதில் விழுந்தது என்று சாமியார் சொன்னார். குறைந்தது நாலு பெண்கள் சம்மதம் சொன்னதாகத் தன் காதில் விழுந்தது என்றார்.

அடுத்து ஒனெசிம். அவன் சாமியார் பக்கத்திலேயே நின்று "ஆம்" என்றான். சட்டப்படி அது போதும். ஆனால் அக்கரை விடவில்லை.

"அவன் சொன்னானா?"

சொல்லிவிட்டான் என்று இக்கரையே சேர்ந்து கத்தியது.

"நீங்க சொன்னா ஆச்சா? நான் அவன் வாயால கேக்கணும்."

ஒனெசிம் மேளத்தைக் கழற்றிப் பனியில் வைத்தான். கால்களை அகட்டி நின்றான். இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்தான். பிறந்தது முதல் ஒருவரைக்கூட உரக்கக் கூப்பிடாதவன். முதல் தடவை காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை இளஞ்சேவல் கூவுவதுபோலக் குரல் உடைந்து, உடைந்ததோடு மேலே போய், "ஆமாம்" என்று அக்கரையில் போய் விழுந்தது. ஜெரோம் தொப்பியை வீசினார். செலெஸ்தின் வாய்மூடி நின்றதை ஊர் அன்றுதான் முதலில் பார்த்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தூரத்தில் தெரியவில்லை.

விருந்தும் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. பாலாடைக்கட்டியும் உப்பிட்ட இறைச்சியும் கல்யாண ரொட்டியும் பெண் வீட்டாரோடு மேலே. ஒயினும் குழல்களும் மாப்பிள்ளை வீட்டாரோடு கீழே. மறுநாள் நோன்பிருக்கும் தவக்காலம் பிறந்துவிடும் என்பதால் இரண்டு பக்கமும் காத்திருக்கவில்லை. மேலே இருந்தவர்கள் தின்று காட்டினார்கள், கீழே இருந்தவர்கள் குடித்துக் காட்டினார்கள். குழல்காரர்கள் வாசிக்க, இரண்டு கரையும் ஒரே நடனத்தை ஆடின. இருட்டுவதற்கு முன் அவரவர் வழியே திரும்பினார்கள். மணமகன் அம்மாவோடு, மணமகள் மாடுகளோடு.

வழி திறந்த நாளில் செலெஸ்தின் தன் கறுப்புப் பசுவை ஓட்டிக்கொண்டு முதலாவதாகத் தாண்டி வந்தாள். ஒனெசிம் மோதிரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டான். அவனுக்கு இன்னும் தொண்டை கட்டியிருந்தது.

மாமியாரும் மருமகளும் ஒரே கூரையில் எப்படி இருக்கப்போகிறார்கள் என்று வேடிக்கை பார்க்க ஊர் தயாராக இருந்தது. முதல் சில வாரம் லெயோனி முகம் கொடுக்கவில்லை. ஒரு நாள் கொல்லையில் இருவரும் முதுகு காட்டி வேலை செய்துகொண்டிருந்தபோது, கவாத்துக் கத்தி வேண்டுமா என்று செலெஸ்தின் கேட்டாள். திரும்பாமலே, வேண்டாம், இருக்கிறது என்றாள் லெயோனி. பிறகு கத்தியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். முகத்தைப் பார்க்காமல், உதட்டைப் பார்க்காமல், பல வருஷத்துக்குப் பிறகு ஒரு பேச்சு அவள் காதுக்குள் தானாக வந்திருந்தது. அவளுக்குக் காது மந்தமாகி வெகுகாலம் ஆயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கேட்காததற்கெல்லாம் முறைப்பையே பதிலாக வைத்திருந்தாள். அதனாலேயே ஊர் அவளைக் கடுகடுப்பானவள் என்று நினைத்தது.

அன்று சாயங்காலம் அடுப்படியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பக்கத்துக் கொல்லைக்காரி காலைல வந்து என்னமோ சொல்லிட்டுச் சிரிச்சாளே. என்ன அது?"

"ஒங்க தொப்பி மேல பனி விழுந்த கதைய சொல்லிச் சிரிச்சா அத்தை."

லெயோனி சிரிக்க ஆரம்பித்து, கரண்டியைக் கீழே வைக்கும்படி ஆயிற்று.

அதன் பிறகு இருவரையும் பிரிக்க முடியவில்லை. கோயிலில் சாமியார் பிரசங்கம் முடிந்ததும் செலெஸ்தின் அதைச் சுருக்கி மாமியாருக்குச் சொல்வாள். தூங்கிப்போனவர்களுக்கும் அது உதவியது. ஊர்வம்பு என்றால் மாமியாருக்கு உயிர். யார் வீட்டில் என்ன என்று அவள் கேட்பாள், மருமகள் தனக்குத் தெரிந்த மெதுவான குரலில் சொல்லுவாள், தெருவே நின்று கேட்கும். அதனால் பிராலோவினில் சில வருஷம் மனிதர்கள் ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்று மத்தியாஸ் சொல்லுவார்.

பிள்ளைகள் மூன்று. மூத்தவள் திராட்சைக் கொல்லை வீட்டில், நடுவில் பிறந்தவன் ஊரில், கடைசியானவள் கோடை மேய்ச்சலில், இடி மழையில், பாலாடைக்கட்டி காய்ச்சும் குடிசையில். அடுத்தது பனியாற்று மேலேயா என்று பெண்கள் கேட்டபோது, அதற்கு மேலே வானம்தான் இருக்கிறது, அங்கே துணி காயப்போட இடமில்லை என்றாள். மேலே அணை கட்டிய வருஷங்களில் ஒனெசிம் சிமெண்டு வேலைக்குப் போனான். செலெஸ்தின் முகாமுக்குப் பால் கொண்டுபோவாள். இத்தாலியத் தொழிலாளிகள் அவளுக்குத் தங்கள் ஊர்ப் பாட்டுகளைக் கற்றுக்கொடுத்தார்கள். வார்த்தைகள் சில நாகரிகமானவை அல்ல என்று பிறகுதான் தெரியவந்தது, அதற்குள் ஒன்றைக் கோயில் ஊர்வலத்தின் முடிவில் பாடிவிட்டிருந்தாள். கடைக்குத் தொலைபேசி வந்தபோது ஊரே சிரிக்கக் காத்திருந்தது. சியேரிலிருந்து பேசிய மகள், கருவியை மேசையில் வைத்துவிட்டு எதிர்நாற்காலியில் உட்கார்ந்துதான் அம்மாவிடம் பேசுவாளாம்.

பெண்களுக்கு ஓட்டு வந்த பிறகு நடந்த ஊர்க்கூட்டம் ஒன்றில், பொதுத் திராட்சைக் கொல்லையை விற்றுவிடலாமா என்ற பேச்சு வந்தது. அங்கே வீடுகள் கட்ட ஒருவர் நல்ல விலை கொடுப்பதாக இருந்தார். விற்பதற்கு நியாயமும் இருந்தது; ஊருக்குத் தண்ணீர்க் குழாய் போட வேண்டும். ஆண்கள் வெகுநேரம் பேசினார்கள். செலெஸ்தின் எழுந்தாள். முன்வரிசைக்காரர்கள் பழக்கத்தில் சற்றுப் பின்னால் சாய்ந்துகொண்டார்கள். ஆனால் இத்தனை பேர் முன்னால் சட்டப்படி பேசுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பயத்தில் குரல் சின்னதாக, அக்கம்பக்கத்துப் பெண்கள் குரல்போல வந்தது. எல்லாரும் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியதாயிற்று.

"குழாய்க்கு எங்க வீட்டு ஓடைக்கரை மரத்த வெட்டி வித்துக்கலாம், அது மறுபடி வளரும். கொல்லைய வித்துட்டா, மார்ச் மாசத்துல நாம எல்லாரும் ஒண்ணா எங்க போறது?"

கொல்லை விற்கப்படவில்லை. அதற்கு அவள் பேச்சு மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, பலருக்கும் உள்ளூர அந்த எண்ணம் இருந்தது. இப்போதும் மார்ச்சில் ஒரு நாள் மேளமும் குழலும் சேர்ந்து அங்கே மண் கொத்துகிறார்கள்.

நல்ல பாதை வந்ததும் மற்றவர்கள் ஏறி இறங்குவதை விட்டு ஒரே வீட்டில் தங்கிப்போனார்கள். செலெஸ்தினும் ஒனெசிமும் விடவில்லை. குளிர் குறைந்ததும் தபால் பேருந்தில் இறங்குவார்கள். பசுக்களை மகன் பார்த்துக்கொண்டான். கோழிகளை மட்டும் அவள் யாரிடமும் ஒப்படைக்க மாட்டாள். ஒரு வருஷம் புதிதாக வந்த ஓட்டுநர், கூடையில் அசைவதைப் பார்த்துவிட்டு, கோழிக்கெல்லாம் பேருந்தில் இடம் கிடையாது என்றார்.

"ஒக்காரவா கேக்குது? நின்னுக்கிட்டே வரும்," என்றாள் செலெஸ்தின்.

ஓட்டுநர் ஒனெசிமைப் பார்த்தார். ஒனெசிம் தொப்பியைத் தொட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான். பேருந்தில் இருந்தவர்கள் சிரிக்க, ஓட்டுநர் கதவை மூடினார். மேலே கூரைகளில் பனி தடியாக இருந்தது. வளைவுக்கு வளைவு அது மெலிந்துகொண்டே வந்தது. கடைசி வளைவில் சியேர் தெரிந்தபோது சமவெளியில் ஆப்ரிகாட் மரங்கள் பூத்திருந்தன. செலெஸ்தின் கழுத்துச் சால்வையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னாள். கூடைக்குள் ஒரு கோழி முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்தது. இறங்கும்போது அந்த முட்டையை ஓட்டுநரிடமே கொடுத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டு, இருவரும் கொல்லைப் பக்கம் நடந்தார்கள்.